கணினி வேலையின் நடுவே நின்றுவிடுகிறது, தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

செல்லூர் டிடிபி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை செல்லூரில் வீட்டிலிருந்தபடியே திருமண அழைப்பிதழ், காதணி விழாப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவற்றை வடிவமைத்து அச்சகங்களுக்குக் கொடுக்கும் டிடிபி வேலை செய்து வருகிறேன். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இந்த வருமானத்தை நம்பியே இருக்கின்றன. ஒன்றரை மாதமாக என் கணினி வேலையின் நடுவே ஹேங் ஆகி நின்றுவிடுகிறது. சில வேளைகளில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஒரே நாளில் நான்கு முறைகூட நடந்திருக்கிறது. ஆவணி முகூர்த்த வேலைகள் குவிந்திருக்கும் நேரத்தில், முக்கால்வாசி முடித்த பத்திரிகையை மறுபடியும் முதலிலிருந்து அடிக்கும்போது கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

கணினி 2017இல் அசெம்பிள் செய்து வாங்கியது. ஐ3 6100 பிராசசர், 8 ஜிபி ராம், பின்னால் சேர்த்த 240 ஜிபி எஸ்எஸ்டி, வேலைக் கோப்புகள் எல்லாம் இருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி), 600 விஏ யுபிஎஸ். விண்டோஸ் 10 ஓடுகிறது.

ஒரு கடையில் காட்டினேன். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். கடையில் இரண்டு நாள் நன்றாக ஓடிய கணினி, வீட்டுக்கு வந்த அன்றே மறுபடியும் ரீஸ்டார்ட் ஆனது. இதற்கிடையில் என் பழைய பாமினி எழுத்துருக்கள் எல்லாம் போய்விட்டன. பழைய கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடந்தன. இரண்டாம் முறை கொண்டுபோனபோது, போர்டு போய்விட்டது என்றும், இந்தப் பிராசசருக்கு இப்போது புது போர்டு கிடைப்பது கடினம் என்பதால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னார்கள். அவ்வளவு பணம் இப்போது கையில் இல்லை. போர்டுதான் பழுதா என்பதை வீட்டிலேயே உறுதி செய்துகொள்ள வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

மேலூர் தம்பி எழுதியது:

வணக்கம் அக்கா. செல்லூர் என்றால் தறி ஓடும் தெருவாக இருக்கலாம். பஞ்சுத் தூசி பிராசசர் ஃபேனில் படிந்து மெத்தைபோல் மூடிவிடும். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தூசியை எடுத்துவிடுங்கள். ஃபேனைச் சுழலவிட்டுக் காற்றடித்தால் பேரிங் கெட்டுவிடும். பிறகு எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். இந்தப் பிராசசருக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை. ராமையும் கழற்றி, அதன் தங்க நிற முனைகளை மென்மையான பென்சில் அழிப்பானால் துடைத்து, துகள் இல்லாமல் ஊதிவிட்டு மாட்டுங்கள். எனக்கு ஒருமுறை அதிலேயே சரியாகிவிட்டது.

திருநகர் பயிற்றுநர் எழுதியது:

வணக்கம் சகோதரி. தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தம்பி சொன்ன தூசி சுத்தம் எப்படியும் செய்ய வேண்டியது, அதைச் செய்துவிடுங்கள். ஆனால் அதற்கும் முன்பாக, இன்றைக்கே, உங்கள் வேலைக் கோப்புகளையும், எழுத்துருக்களை மறுபடியும் சேர்த்து வைத்திருந்தால் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் ஒரு வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்துவிடுங்கள். பழுது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கக்கூடும் என்ற ஐயம் தீரும்வரை, அந்த டிஸ்க்கை நம்பி ஓர் இரவுகூடத் தூங்கக் கூடாது.

உங்கள் கேள்வியில் என் கவனத்தை இழுத்தவை இரண்டு. கடையில் இரண்டு நாள் ஓடிய கணினி வீட்டுக்கு வந்ததும் விழுகிறது என்றால், பழுதின் ஒரு பகுதியாவது கேபினட்டுக்கு வெளியே, உங்கள் வீட்டில் இருக்கிறது. அடுத்தது, ஹேங் ஆவதையும் ரீஸ்டார்ட் ஆவதையும் ஒரே நோயாக எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரரும் அப்படியே எடுத்துக்கொண்டதால்தான் போர்டு என்ற முடிவுக்குப் போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். இவை இரண்டு தனித்தனி நோய்களாக இருக்கலாம்; பிரித்துப் பார்க்காமல் மருந்து தேடினால் ஒன்று குணமானாலும் தெரியாது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, நான்கு நாள்களுக்கு ஒவ்வொரு முறையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். திரை நின்றுபோனால், உடனே பவர் பொத்தானை அழுத்திவிடாமல், விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, எதற்காகவோ காத்திருக்கிறது என்று பொருள். விளக்கு அசையாவிட்டால் அது முழுமையான முடக்கம். அப்போது ராம், போர்டு, பிராசசர் பக்கம் பார்க்க வேண்டும். கேபினட்டின் முகப்பில் உள்ள டிஸ்க் விளக்கு அந்த நேரத்தில் விடாமல் எரிகிறதா என்பதையும் எழுதுங்கள்.

ரீஸ்டார்ட் ஆனால், அந்தக் கணத்தில் மானிட்டரின் பவர் விளக்கும் சேர்ந்து அணைந்ததா, அல்லது மானிட்டர் எரிந்துகொண்டிருக்க சிபியு மட்டும் விழுந்ததா என்று கவனியுங்கள். மானிட்டரும் சேர்ந்து அணைந்தால், இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்கும் இடத்தில், அதாவது யுபிஎஸ் அல்லது சுவர் பக்கம் கோளாறு. சிபியு மட்டும் விழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸும் அதற்கு உள்ளே இருப்பவையும் சந்தேகத்துக்கு உரியவை. செலவில்லாத சோதனை இது. ஆனால் பலரும் திரையில் இருக்கும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் இதைத் தவறவிடுகிறார்கள்.

விண்டோஸில் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்று போய், தானாக ரீஸ்டார்ட் ஆகும் தேர்வை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் பிழையால் விழுந்தால் நீலத்திரை அப்படியே நின்று பிழையின் பெயரைக் காட்டும். நீலத்திரையே வராமல் விழுந்தால், விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, கெர்னல் பவர் 41 என்ற பதிவின் விவரங்களில் பக்செக் கோட், அதாவது விண்டோஸ் பிழையின் எண், என்ன என்று பாருங்கள். முறையாக மூடப்படாமல் கணினி மறுபடியும் எழுந்தது என்பதை மட்டுமே 41 சொல்கிறது. இந்த எண்ணைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவது தவறு. பக்செக் கோட் 0 என்று இருந்தால், பிழையை எழுதி வைக்கவும் விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. மின்சாரம் அறுந்தபோது அப்படித்தான் இருக்கும்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் ஹார்ட் டிஸ்க்கின் 05, சி5, சி7 ஆகிய மூன்று வரிகளில் உள்ள மதிப்புகளையும் எழுதி அனுப்புங்கள். ஒரே ஒரு இரவு, நீங்கள் உறங்கும்போது, மெம்டெஸ்ட்86 ஓடவிட்டு ராமைச் சோதித்துவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும், அது போதும். அழிப்பானால் துடைத்துவிட்டு ராம் சரியாகிவிட்டது என்று நம்புவதைவிட, சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக இரண்டு கேள்விகள். யுபிஎஸ்ஸில் என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள்? ஒன்றரை மாதத்துக்கு முன்பு வீட்டில் என்ன மாறியது?

செல்லூர் டிடிபி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நன்றி தம்பி. நான்கு நாள்கள் எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்.

நகல் எடுத்துவிட்டேன். ஃபேனில் தம்பி சொன்னபடியே பஞ்சு அடைந்திருந்தது. சுத்தம் செய்த பிறகு, கோரல் டிராவில் பெரிய சுவரொட்டி திறந்திருக்கும்போதும் வெப்பநிலை 66 டிகிரியைத் தாண்டவில்லை. மெம்டெஸ்ட் நான்கு சுற்றும் பிழையில்லாமல் முடிந்தது.

ஹேங் ஆனது ஆறு முறை. ஆறும் டி டிரைவில், அதாவது அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில், உள்ள கோப்பைத் திறக்கும்போது அல்லது சேமிக்கும்போது நடந்தன. கேப்ஸ் லாக் விளக்கு எரிந்தது, சுட்டியும் நகர்ந்தது, ஆனால் எதைத் தட்டினாலும் அசையவில்லை. சிவப்பு நிற டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்துகொண்டே இருந்தது. பொத்தானை அழுத்தாமல் பொறுத்திருந்தபோது, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் தானாகவே மீண்டுவிட்டது. இத்தனை நாளும் அவசரப்பட்டு நானே அணைத்து, நானே கோப்புகளை இழந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. அந்த நேரங்களில் ஈவென்ட் வியூவரில் 129, 153 என்ற எண்களில் பதிவுகள் இருக்கின்றன.

ரீஸ்டார்ட் ஆனது ஏழு முறை. ஒருமுறைகூட நீலத்திரை வரவில்லை. எல்லாவற்றிலும் பக்செக் கோட் 0. ஐந்து முறை மானிட்டர் விளக்கும் சேர்ந்து அணைந்தது. அந்த ஐந்து முறையும் நான் புரூஃப் எடுப்பதற்காகப் பிரிண்ட் கொடுத்திருந்தேன். மற்ற இரண்டு முறை மாலை வேளையில் நடந்தன. பக்கத்துத் தறிக்கூடத்தில் மோட்டார் போடும்போது டியூப் லைட் ஒருமுறை மங்கி எழும். அப்போது யுபிஎஸ் 'டக்' என்று சத்தம் கொடுத்தது, மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது, சிபியு மட்டும் விழுந்தது.

ஹார்ட் டிஸ்க்கில் 05 பூஜ்யம், சி5 பூஜ்யம், சி7 மட்டும் 4பிசி என்று எழுத்தும் எண்ணுமாகக் காட்டுகிறது.

யுபிஎஸ்ஸில் சிபியு, மானிட்டர், லேசர் பிரிண்டர் மூன்றும் மாட்டியிருக்கின்றன. என்ன மாறியது என்று நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது: வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கணினி மேசையை ஜன்னல் ஓரத்திலிருந்து உள் மூலைக்கு இழுத்துப் போட்டோம். முன்பு பிரிண்டருக்கு என்று சுவரில் தனி பிளக் பாயின்ட் இருந்தது. இந்த மூலையில் ஒரே ஒரு பாயின்ட்தான் இருப்பதால், எல்லாவற்றையும் யுபிஎஸ்ஸில் கோத்துவிட்டேன்.

திருநகர் பயிற்றுநர் எழுதியது:

சகோதரி, நீங்கள் குறித்து வைத்திருக்கும் விதத்துக்கு என் மாணவர்களாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். உங்கள் போர்டின் மேல் குற்றம் சொல்ல இதில் ஒரு சான்றும் இல்லை.

ஹேங் ஆவதை முதலில் பார்ப்போம். 4பிசி என்பது பதினாறு அடி எண்முறையில் எழுதப்பட்டது. நம் கணக்கில் 1,212. அந்த மென்பொருளின் அமைப்பிலேயே மதிப்புகளைப் பத்தடி எண்ணாகக் காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க்கின் தட்டு பழுதாகியிருந்தால் 05 அல்லது சி5 ஏறியிருக்கும். அவை பூஜ்யமாக இருப்பது நல்ல செய்தி. சி7 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தகவல் போகும் வழியில் சிதைந்து, மறுபடியும் அனுப்ப வேண்டிவந்த தடவைகளின் எண்ணிக்கை. அந்த வழி என்பது சாட்டா கேபிள். மேசையை இழுத்தபோது கேபினட் குலுங்கி, கேபிளின் முனை அரைகுறையாக நழுவியிருக்க வேண்டும். டிஸ்க்கிலிருந்து பதில் வராமல் விண்டோஸ் காத்திருந்து, பிறகு டிஸ்க்கை ரீசெட் செய்வதைத்தான் 129ஆம் பதிவு சொல்கிறது. உங்கள் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்ததும் அந்தக் காத்திருப்பால்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பூட்டுத் தகடு வைத்த புதிய சாட்டா கேபிள் ஒன்றை வாங்கி, இரு முனைகளிலும் 'க்ளிக்' என்று உட்காரும்படி மாட்டுங்கள். சி7 எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. ஆகவே 1,212 என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, அது மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது ரீஸ்டார்ட். லேசர் பிரிண்டரில் மைத்தூளை உருக்கித் தாளில் ஒட்ட வைக்கும் உருளை ஏறக்குறைய 200 டிகிரி வரை சூடேற வேண்டும். அந்தச் சூடேற்றத்தின்போது பல பிரிண்டர்கள் கண நேரத்துக்கு 800 வாட்டுக்கு மேல் இழுக்கும். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ், பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். பிரிண்டர் இழுக்கும்போது வோல்டேஜ் இறங்க, யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிறது. மாறிய நொடியில் அந்த முழுச் சுமையும் பேட்டரியின் தலையில் விழ, எல்லாமே அணைகிறது. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள்.

பேட்டரியையும் சோதித்துவிடுங்கள். கணினியை வைத்துச் சோதிக்க வேண்டாம். பழைய குண்டு பல்பு 60 வாட் இருந்தால் அதை யுபிஎஸ்ஸில் மாட்டி எரியவிட்டு, யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுங்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் பல்பு நிதானமாகப் பல நிமிடங்கள் எரியும்; ஒரு நிமிடத்துக்குள் அணைந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

மாலையில் நடந்த இரண்டும் வேறு கதை. மெயினிலிருந்து பேட்டரிக்கு யுபிஎஸ் மாறும்போது சில மில்லி செகண்ட் மின்சாரம் இருக்காது. அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் கடத்திவிட வேண்டும். முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும்படியே எஸ்எம்பிஎஸ் வடிவமைக்கப்பட வேண்டும். உங்கள் கணினியின் சுமை மிகக் குறைவு. அந்தப் பிராசசர் 51 வாட் வகை. அதற்கே தாங்கவில்லை என்றால், கெப்பாசிட்டர் வற்றிவிட்டது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றுங்கள்; 80 பிளஸ் முத்திரை பெற்ற 400 அல்லது 450 வாட் போதும். பழையதைத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பயிற்சிக் கூடத்தில் ஒரு மாணவன் கை உதறித் தூக்கி எறியப்பட்டதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, உங்கள் பிராசசர் விண்டோஸ் 11க்கான பட்டியலிலும் இல்லை. அதைப் பிறகு யோசிக்கலாம். இந்தப் பழுதுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஒத்தக்கடை ஒயரிங் எழுதியது:

ஐயா சொன்ன அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டு ஒயரிங் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அக்கா, வெறுங்காலோடு தரையில் நின்று கேபினட்டின் பெயின்ட் இல்லாத இடத்தை, பின்பக்கத் திருகாணியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? இருந்தால் மறுபடியும் தொட்டுப் பார்க்க வேண்டாம். அந்த மூலை பாயின்ட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எர்த் இல்லாவிட்டால், எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் வடிகட்டி கெப்பாசிட்டர்கள் வழியாக, மெயின் வோல்டேஜில் பாதியளவு, ஏறத்தாழ 115 வோல்ட், கேபினட்டில் வந்து நிற்கும். அதில் வரும் மின்னோட்டம் மிகக் குறைவு என்றாலும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை அப்படியே விடக்கூடாது. மூன்று பின் பிளக்கின் பெரிய துளையில் ஒயர் உண்டா என்பதை ஓர் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நீங்களே சுவிட்ச் போர்டைக் கழற்ற வேண்டாம். வந்தவர் கையோடு, தறி ஓடும் மாலை நேரத்தில் அந்தப் பாயின்ட்டில் வோல்டேஜ் எவ்வளவு என்பதையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 207க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

செல்லூர் டிடிபி எழுதியது:

பதினைந்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், முகூர்த்த வேலை முடியும்வரை நிமிரக்கூட நேரமில்லை, நிமிர முடியாத அளவுக்குக் கணினியும் ஓடியது.

ஐயா எழுதிய அன்றே பிரிண்டரை யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாமல், பழைய ஜன்னலோரப் பாயின்ட்டிலேயே தனியாக ஒரு ஸ்டூல் போட்டு வைத்துவிட்டேன். யுஎஸ்பி கேபிள் மட்டும் நீளமாக வாங்க வேண்டியிருந்தது. அன்று முதல் பிரிண்ட் கொடுக்கும்போது ஒருமுறைகூட அணையவில்லை. பல்பு சோதனையில் இருபது நொடிகூடத் தாங்காமல் பல்பு அணைந்தது. நான்கு வருடப் பேட்டரி அது. புதுப் பேட்டரி போட்டாயிற்று.

சாட்டா கேபிளைக் கழற்றும்போது, போர்டு பக்கத்து முனை கையை வைத்ததுமே தானாக வந்துவிட்டது. பழைய கேபிளில் பூட்டுத் தகடே இல்லை. புதியதை மாட்டி, ஐயா சொன்ன அந்த 'க்ளிக்' சத்தம் கேட்ட பிறகே விட்டேன்.

பேட்டரி மாற்றிய பிறகும், மாலையில் தறி மோட்டார் போட்டபோது ஒருமுறை சிபியு மட்டும் விழுந்தது. மானிட்டர் அணையவில்லை. அதனால் சந்தேகமே இல்லாமல் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். அதன் பிறகு யுபிஎஸ் 'டக்' என்று மாறும் சத்தம் கேட்கிறது, மாணிக்க மாலை பார்டரை ஒட்டிக்கொண்டிருந்த என் சுட்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அண்ணன் சொன்ன எர்த்தும் உண்மைதான். திருகாணியில் சுருக்கென்று இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து திறந்தபோது, மூலை பாயின்ட்டின் பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. பக்கத்து அறை எர்த்திலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார். மாலை ஏழு மணிக்கு மீட்டரில் 214 காட்டியது.

கேபிளுக்கும் பேட்டரிக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் எர்த் வேலைக்கும் சேர்த்துச் செலவானது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நோட்டுப் புத்தகத்தைத் தொடர்ந்து எழுதி வருகிறேன். கடந்த பதினோரு நாள்களின் பக்கம் காலியாக இருக்கிறது. சி7 இன்று காலையும் அதே 1,212.